இரண்டு பேர் தூக்க வேண்டிய உடம்பு

அக்கா வேலை செய்த தனியார் ஆஸ்பத்திரியில், எழுந்து நிற்க முடியாத நோயாளியை ஒருவர் தனியாகத் தூக்கக்கூடாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதென்றாலும் இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் வரும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும்; எவ்வளவு பெரிய இடத்து ஆளாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அக்கா அங்கே பிசியோதெரபிஸ்ட். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த விதியைப் பழக்குவதும் அவள் பொறுப்பு. ஒருமுறை நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, அவசரப்பட்டு ஒரு கிழவரைத் தனியே தூக்கப்போன பெண்ணை நிறுத்தி, "உமக்கு ஒரு முதுகுதான் தந்து அனுப்பியிருக்கு" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதையும் கடலும் தெரிகிற தன் வீட்டில், அப்பாவை அக்கா தனியாகவே தூக்கினாள்.

அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தது. கட்டிலைச் சன்னலோரம் போட்டிருந்தார்கள். ரயில் போகும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்ப்பார். "காலிக்குப் போற ரயில் இண்டைக்கும் பிந்திப்போச்சு" என்பார். குரலில் கோபம் இருக்கும். தான் கடமையில் இருந்திருந்தால் அது நடந்திராது என்கிற கோபம். உயரமான மனிதர், விழுந்த பிறகும் கனம் குறையவில்லை.

அந்த வீடு அக்காவின் சீதனம். அண்ணா கனடாவுக்குப் போன புதிதில் பகலில் ஒரு வேலையும் பின்னேரம் இன்னொரு வேலையும் செய்து அனுப்பிய காசில் வாங்கியது. எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கில் வீடு மகளுக்குப் போகும். உறுதிப் பத்திரத்தில் எழுதாவிட்டாலும், தாய் தகப்பனும் வீட்டோடு சேர்ந்து போவார்கள். அம்மாவை அக்கா அந்த வீட்டில் வைத்துத்தான் பார்த்தாள், அம்மா சாகும்வரை. பிறகு அப்பா. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கரை விரும்பிக் கட்டியவள். எனக்குச் சீதனம் இல்லை. வீடு கொடுக்காத மகளுக்கு அப்பாவையும் கொடுக்கவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு லீவு கிடைக்கிற நாட்களில் புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதி வழியாக இன்னொரு பஸ் என்று பிடித்து வந்து, அப்பாவின் மறுபக்கத்தைத் தாங்கிவிட்டுப் போவேன். மற்ற நாட்களில் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆள் இல்லை என்று எழுதுவது சரியல்ல. அக்காவின் கணவர், அத்தான் இருந்தார்.

அத்தானைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். குடிக்கிறவர் இல்லை, குரலை உயர்த்துகிறவர் இல்லை. கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றி, கடற்கரையோரம் நடக்கப் போவார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மீன் வாங்கி, வெட்டுவித்து, பையின் வெளிப்பக்கம் நனையாமல் கொண்டு வருவார். எதிர்வீட்டு அம்மா லிப்ட் வாசலில் என்னைக் கண்டால், "உங்கட அத்தான் தங்கமான மனுசன். மாமனாரை வீட்டிலை வைச்சுப் பாக்கிற மருமகன் இந்தக் காலத்திலை ஆர் இருக்கினம்?" என்பார். வீடு யாருடையது, பார்ப்பது யார் என்ற இரண்டு தகவலும் அந்த வாக்கியத்தில் பிழை. அலுவலகத்தில் என்றால் திருத்தியிருப்பேன். அங்கே, "ஓம் அன்ரி" என்றுவிட்டு லிப்டுக்குள் ஏறுவேன்.

அத்தான் உதவிக்கு வராததற்கு அப்பாவும் காரணம். மருமகனின் முன்னால் காலை நீட்டி உட்காராத தலைமுறை அவருடையது. நோய் வருவதற்கு முன்பே, அத்தான் அறைக்குள் வந்தால் அப்பா இடுப்புச் சாரத்தை இழுத்துச் சரிசெய்து நிமிர்ந்து உட்காருவார். மருமகன் என்றால் மரியாதைக்குரிய ஆள். நாற்காலி எடுத்துப் போட வேண்டும், முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும். அந்த ஆளைக் கொண்டு தன் உடம்பைத் தூக்குவிப்பதும், தன்னைக் கழுவுவிப்பதும் அப்பாவுக்குச் சாவை விடக் கேவலம். அக்கா ஆரம்பத்தில் ஓரிரு தடவை முயன்றாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா இந்தப் பக்கம் பிடியுங்கோ."

அத்தான் வந்தார். உண்மையாகவே வந்தார். அப்பா நல்ல கையால் படுக்கைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம் பிள்ளை. மருமகனை உந்த வேலைக்குக் கூப்பிடாதை" என்றார்.

"அப்பா, உங்களை ரெண்டு பேர்தான் தூக்க வேணும்."

"நீ மெல்லப் பிடி. நான் எழும்புவன்."

அத்தான் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "மாமாவுக்கு அந்தரமாக் கிடக்குப் போலை" என்று சொல்லிக் கூடத்துக்குப் போனார். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார். அதற்குப் பிறகு அந்தக் கதவு அப்பாவைத் தூக்கும் நேரமெல்லாம் சாத்தியே இருந்தது. வெளியே தொலைக்காட்சியில் செய்தி ஓடும். அப்பாவின் மானம் கதவுக்கு உள்ளே காப்பாற்றப்பட்டது, அத்தானின் மரியாதை வெளியே. அக்காவின் முதுகு பற்றி இரண்டு பக்கத்திலும் கதை இல்லை.

அவள் காலையில் அப்பாவை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, இரண்டு நேரத்துக்கும் சமைத்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். பகலில் ஒரு பெண் வந்து அப்பாவுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துவிட்டு இருப்பார். தூக்குவது அவர் பொறுப்பில் இல்லை. ஆஸ்பத்திரியில் அக்கா மற்றவர்களின் தகப்பன்மாரை, இன்னொருவரின் கை மறுபக்கம் இருக்க, சம்பளத்துக்குத் தூக்குவாள். பிறகு வீட்டுக்கு வந்து சொந்தத் தகப்பனைச் சும்மா தூக்குவாள்.

மகளிர் தினப் பக்கம் தயாரிக்கிற நேரம் வந்தபோது எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னிடம், "உங்கட அக்காவைப் பற்றி எழுதுங்கோவன். வேலையும் பாத்து, தகப்பனையும் பாத்து. நல்ல கதை" என்றார். தலைப்பையும் அவரே சொன்னார். அதில் புன்னகை என்ற சொல் இருந்தது. நான் அக்காவிடம் கேட்டேன்.

"படம் எடுக்கவும் வருவினமோ?" என்றாள்.

"வருவினம்."

"அப்ப அந்தப் பெடியனிட்டக் கேள், கமராவை வைச்சிட்டு மற்றப் பக்கம் பிடிப்பானோ எண்டு."

அந்தக் கட்டுரை வரவில்லை. அதற்குப் பதிலாக, விமானப் பணிப்பெண்ணாகிப் பிறகு பேக்கரி தொடங்கிய ஒருவரைப் பற்றிப் போட்டோம். தலைப்பு மாறவில்லை.

அவளுடைய பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்றபோது அக்காவைப் பதில் பொறுப்பாளராகப் போட்டார்கள். நிரந்தரமாக்குவதற்கு நேர்முகத் தேர்வு நடக்கும் என்றார்கள். அக்கா எதையும் வெளிப்படையாக ஆசைப்படுகிறவள் அல்ல. இதை ஆசைப்பட்டாள். பொறுப்பாளர் என்றால் தூக்குகிற வேலை குறையும், திட்டமிடுகிற வேலை கூடும். "இன்னும் கொஞ்சக் காலம் உந்த முதுகு தாங்கினால் போதும், பிறகு பிழைச்சிடும்" என்று என்னிடம் சொன்னாள். முதுகு ஏற்கெனவே நோகத் தொடங்கியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் சப்பாத்து மாட்டும்போது குனியாமல், காலைக் கதிரையில் தூக்கி வைத்து மாட்டினாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணா வீடியோவில் வந்தார். கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். அக்கா கிழங்கு தோல் உரித்துக்கொண்டே, தூக்குவதற்கு ஒரு ஆண் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும் என்றாள்.

"காசு பிரச்சினை இல்லை," அண்ணா சொன்னார். "எவ்வளவெண்டாலும் அனுப்புவன். ஆனால் வெளியாக்களின்ரை கையிலை அப்பாவை விடுறதே? சனம் என்ன கதைக்கும்? நாங்கள் அப்பாவை வீட்டிலை வைச்சுப் பாக்கிறம் எண்டு நான் இஞ்சை எல்லாருக்கும் பெருமையாச் சொல்லுறனான்."

செய்தி மேசையில் 'நாங்கள்' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், யார் யார் என்று கேட்பது என் பழக்கம். அன்று அக்கா கேட்டாள்.

"நாங்கள் எண்டால் ஆர் அண்ணா?"

"ஏன் இப்பிடிக் கதைக்கிறாய்? உனக்குத் தெரிஞ்ச வேலைதானே. நீ படிச்சதே அதுதானே."

"நான் படிச்சதிலை முதல் பாடம் தனியத் தூக்கக்கூடாது எண்டதுதான்."

"மச்சான் நிக்கிறார்தானே?"

"ஓம். நிண்டுகொண்டுதான் இருக்கிறார்."

கூடத்தில் அத்தான் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் நின்றது. அண்ணா சிரித்துச் சமாளித்தார். "பிள்ளை குட்டியெண்டு ஒண்டும் இல்லாதனீ, கொஞ்சம் பொறுத்துக்கொள். ஆஸ்பத்திரியிலை அந்த வேலையைத் தந்தாப் பிறகு பாப்பம்." வீடும் உனக்குத்தானே தந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. வீட்டைத் திருப்பி எழுதித் தருகிறேன், யார் அப்பாவை எடுக்கிறீர்கள் என்று கேட்கப்போவதாக எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அண்ணா கெட்டிக்காரர். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமல் அழைப்பை முடித்தார்.

நேர்முகத் தேர்வு ஒரு வேலை நாளில் வந்தது. அக்கா புறப்பட்ட பிறகு அப்பாவோடு இருப்பதற்கு நான் வருவதாக ஏற்பாடு. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. அத்தான் அலுவலக உடுப்போடு சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா குளியலறைக்கு வெளியே சுவரில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சேலையின் கீழ்ப்பகுதி முழங்கால் வரை நனைந்திருந்தது. அப்பா கட்டிலில் இருந்தார், ஈரத்தோடு.

நடந்ததை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அக்கா சொன்னதும் அத்தான் சொன்னதும் எந்த இடத்திலும் முரண்படவில்லை.

அக்கா அன்று கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டியிருந்தாள். அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய், கொமோட்டில் இருத்திவிட்டு, தன் தலையை இழுத்துச் சீவப் போனாள். முடிந்ததும் அப்பா அவளைக் கூப்பிடவில்லை. மகள் நல்ல சேலையோடு நிற்கிறாள், கசங்கப் போகிறது என்று நினைத்துத் தானே எழும்பப் பார்த்தார். இதை அப்பா என்னிடம் பிறகு சொன்னார். சுவருக்கும் கொமோட்டுக்கும் இடையில் விழுந்தார். சாரம் கழன்றுவிட்டது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அத்தான்.

"மாமா, நான் தூக்கட்டே?"

அப்பா நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். "மருமகனை அங்காலை போகச் சொல்லு பிள்ளை," என்றார். அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். அத்தான் போகவில்லை. உள்ளேயும் வரவில்லை. வாசலில் நின்றபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா சேலையை இழுத்துச் செருகி, அப்பாவின் அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தனியாகத் தூக்கினாள். பாதி எழும்பியபோது முதுகில் ஏதோ ஒன்று அறுந்தது போல இருந்தது என்றாள். விட்டால் அப்பாவின் தலை தரையில் அடிபடும். விடவில்லை.

"இண்டைக்குப் போகாதை, போன் பண்ணிச் சொல்லு" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? பிசியோதெரபிஸ்ட் பிழையாத் தூக்கி முதுகை முறிச்சுப்போட்டா எண்டோ?"

வேறு சேலை மாற்ற நேரமில்லை. ஈரக்கரையோடு முச்சக்கரவண்டியில் ஏறினாள். ஏறும்போது முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு கால்களைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள்.

நேர்முகத் தேர்வு நன்றாகவே போனது. அதை அங்கே இருந்த ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார். கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகவும் தெளிவாகவும் பதில் சொன்னாளாம். ஊழியர்களின் பாதுகாப்புப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. நோயாளியைத் தூக்கும்போது ஊழியருக்குக் காயம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். அக்கா அந்த விதியைச் சொன்னாள். அதை மீறுகிறவர்களைத் தான் எப்படித் திருத்துவாள் என்பதையும் சொன்னாள். எல்லாம் முடிந்து, நன்றி, நீங்கள் போகலாம் என்றார்கள்.

அக்காவால் எழும்ப முடியவில்லை.

ஒருமுறை கதிரையின் கைப்பிடிகளை ஊன்றிப் பார்த்தாள். இன்னொருமுறை பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்காரர்கள். ஒரு உடம்பு எழும்ப முயல்வதைப் பார்த்தே அதற்கு என்ன நடந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள். பிறகு இரண்டு பேர் எழுந்து வந்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, விதிப்படி அவளைத் தூக்கினார்கள்.

ஸ்கானில் இடுப்புப் பக்கத்து டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னார். எவ்வளவு காலத்துக்கு என்று அக்கா கேட்டாள். அவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவளும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அவளுக்கு விடை தெரியும். அந்தப் பதவி, அவளிடம் வேலை பழகிய ஒரு இளைஞனுக்குப் போனது. நல்ல பிள்ளை. அப்பிள் பழங்களோடு பார்க்க வந்து, கட்டிலின் நுனியில் உட்கார்ந்து அழுதான். அவனைத் தேற்றுகிற வேலையும் அக்காவுக்கே வந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு வரவேற்பு மேசையில் ஒரு இடம் தருவதாகச் சொன்னார்கள், நாள் முழுவதும் உட்கார்ந்தபடி செய்கிற வேலை. அவளால் உட்காரவும் முடியவில்லை.

அக்கா படுக்கையில் விழுந்த மறுநாளே அண்ணா ஆட்களை ஏற்பாடு செய்துவிட்டார். கனடாவிலிருந்து ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. தெமட்டகொடைப் பக்கமிருந்து இரண்டு சிங்கள ஆட்கள் வந்தார்கள். ஒருவர் போதாதா என்று அத்தான் கேட்டதற்கு, எழும்ப முடியாத நோயாளி என்றால் இரண்டு பேரைத்தான் அனுப்புவோம், அதுதான் தங்கள் நடைமுறை என்று அனுப்பிய இடத்தில் சொன்னார்களாம்.

அப்பா அவர்களிடம் வெட்கப்படவில்லை. அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "எக்காய், தெக்காய், துனாய்" என்று மூன்றுவரை எண்ணி அவர்கள் தூக்கும்போது அப்பாவும் சேர்ந்து எண்ணினார். ரயில்வேயில் படித்த சிங்களத்தில் பகிடி விட்டார். தன்னை மாத்தறைக்கு அனுப்புவதாக இருந்தால் சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டாம் என்றார். அவர்கள் சிரித்தார்கள். கதவு திறந்தே இருந்தது. அந்நியர்களின் முன்னால் கழற்றக்கூடிய சாரத்தை மருமகனின் முன்னால் கழற்ற முடியாததற்காகத்தான், அடுத்த அறையில் அக்கா பலகைக் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கிடந்தாள். எண்ணிக்கை அவளுக்கும் கேட்டிருக்கும்.

அத்தான் அந்த நாட்களில் சோறு ஆக்கப் பழகினார். எதிர்வீட்டு அம்மா அதையும் அறிந்து, "மாமனுக்கும் செய்து, மனுசிக்கும் செய்து. பாவம், இளைச்சுப்போனார்" என்றார்.

மெல்ல மெல்ல அக்கா நடக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து கணக்கை முடித்துக் கடிதம் வந்தது. பெல்ட் கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றாள், முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூடுதலாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா மறுபடி வீடியோவில் வந்தார். அக்கா எழுந்து நடமாடுவதைப் பார்த்து உண்மையாகவே சந்தோசப்பட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இப்ப நீ வீட்டிலைதானே நிக்கிறாய். ரெண்டு பேர் எதுக்கு? ஒராளைக் குறைப்பம்" என்றார்.

"ஒராள் தனியத் தூக்கேலாது, அண்ணா."

"நீ சும்மா மற்றப் பக்கம் பிடிச்சால் போதும்தானே. உனக்குத்தானே தெரியும் எப்பிடிப் பிடிக்கிறதெண்டு."

ஒராள் நின்றுபோனார். மற்றவர் தனியே செய்வதில்லை என்று சொல்லி, வேறு இடம் கிடைத்ததும் போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஆள் தேடுவதாக அண்ணா சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறார்.

போன கிழமை நான் போனபோது அக்கா அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். சேலை இல்லை, வீட்டுச் சட்டையும் அதன் மேல் பெல்ட்டும். அப்பா ரயிலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையைக் கழற்றுவதற்குள், "வா, அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

"நீ தூக்கக்கூடாதெல்லே?"

"நீ வராத நாளிலை ஆர் தூக்கினதெண்டு நினைச்சனி?"

நான் மறுபக்கம் போனேன். அப்பாவின் நல்ல கை என் தோளில் வந்து விழுந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் மூன்றுவரை எண்ணினாள். கூடத்தில் அத்தான் எழுந்து வருகிற காலடி கேட்டது. கதவடிவரை வந்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.